கல் என்றால் கல்தான்

செராமிக் எஸ்டேட்,
விருத்தாசலம்.
2 ஜூலை 2024

அமல் தம்பிக்கு,

போன வாரம் வரைக்கும் உன்னை மாப்பிள்ளை என்று கூப்பிட்டேன். இனிமேல் தம்பிதான். அதுவும் கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கும் நேரத்தில் மட்டும். உன் நலத்தை விசாரிக்கும் நிலையில் நான் இல்லை. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

வியாழக்கிழமை ராத்திரி போன் செய்து, "அத்தை, லீவு கெடச்சிடுச்சி. நாளையிலேருந்து லீவு. சனிக்கெழம ராத்திரி பிளைட்டு, ஞாயித்துக்கெழம விடிகாலம் சென்னையில எறங்கிடுவேன்" என்று சொன்னது நீதானே? அதை நம்பித்தானே நிச்சயதார்த்தத்துக்கு மாதா கோவில் ஹாலுக்குச் சொன்னேன், பங்குச் சாமியாருக்குச் சொன்னேன், ஆட்டுக்கறிக்குச் சொன்னேன்?

என் அண்ணன் சூசைநாதன் ஒரு வேன் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு ராத்திரியே சென்னைக்குப் புறப்பட்டார். கம்மாபுரத்திலிருந்து உன் அக்கா ஜோஸ்பினும் அதே வேனில்தான் போனாள். உன்னை இதுவரை வீடியோ காலில்தான் பார்த்திருக்கிறோம். அண்ணனுக்கோ பார்வை மட்டு. ஏர்போர்ட்டிலிருந்து தொப்பி போட்டுக்கொண்டு வெளியே வந்த ஒருவரை, உன் அக்கா தடுப்பதற்குள், "மாப்ள!" என்று கட்டிப்பிடித்து ரோஜா மாலையைப் போட்டுவிட்டார். அந்த ஆளுக்கு ராமநாதபுரமாம். மாலையைக் கழற்றிக் கொடுக்காமலேயே போய்விட்டாராம்.

இங்கே ஹாலில் சாமியார் மூன்று தரம் கடிகாரத்தைப் பார்த்தார். என் மகள் பிரின்சி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். வாயையே திறக்கவில்லை. வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். பிரியாணி சாப்பிட்டு முடித்த பிறகுதான் கொட்டினார்கள்.

என் போனிலும் பிரின்சி போனிலும் உன் நம்பரை பிளாக் செய்தாகிவிட்டது. வாய்வார்த்தையை நம்பி ஒருமுறை பட்டது போதும். சொல்வதற்கு ஏதாவது இருந்தால் காகிதத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பு. மங்கலம்பேட்டை ஆட்கள் ஓமானுக்குப் போவதும் வருவதுமாகத்தானே இருக்கிறார்கள்? இதையும் அவர்களில் ஒருவரிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். நெய்வேலியில் பேங்கில் வேலை பார்க்கும் ஒரு பையன் வீட்டிலிருந்து கேட்டிருக்கிறார்கள். அதையும் தெரிந்துகொள்.

பாக்கியமேரி


சோஹார், ஓமான்.
9 ஜூலை 2024

மதிப்பிற்குரிய அத்தைக்கு,

அப்படிக் கூப்பிடக் கூடாது என்று நீங்கள் எழுதவில்லை. அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

உங்கள் கடிதத்தை மங்கலம்பேட்டை நசீர் பாய் கொண்டுவந்து கொடுத்தார். கொடுக்கும்போதே, "தம்பி, ஒக்காந்து படிங்க" என்றார். கவர் ஒட்டித்தான் இருந்தது. நீங்கள் அதைக் கொடுத்தபோது இருந்த முகத்தை வைத்துச் சொன்னாராம்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். எங்கள் டைல்ஸ் கம்பெனியில் சூளைகளுக்கெல்லாம் பொறுப்பு ஓர்ஹான் என்கிற துருக்கி இன்ஜினியர். நல்ல மனுஷன். தலை சுத்த வழுக்கை. இங்கிலீஷ் அரைகுறை. எங்கள் போர்மேன் திவாரி உத்தரப்பிரதேசம். அதனால் வேலையிடத்தில் எல்லோரும் இந்தியில்தான் சமாளிக்கிறோம். ஓர்ஹான் சாரும் 'ஜல்தி', 'பானி', 'சலோ' என்று அங்கங்கே நாலு வார்த்தை இந்தி போடுவார். இது முக்கியம் அத்தை. அவருக்கு இந்தி தெரியும் என்று நான் நினைத்ததற்கு இதுதான் காரணம்.

வியாழக்கிழமை சாயங்காலம் சூளைக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்தேன். காது கிழிகிற சத்தம். நிச்சயதார்த்தம், லீவு, எப்போது போகலாம் என்று கையையும் காலையும் ஆட்டிக் கேட்டேன். அவர் என் தோளில் கையைப் போட்டு, கண்ணெல்லாம் கனிய, "கல், அமல். கல்" என்றார்.

இந்தியில் கல் என்றால் நாளை. எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. அவர் கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டு ஓடிவந்துதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

மறுநாள் பெட்டியோடு கம்பெனி கேட்டில் நின்றேன். ஓர்ஹான் சார் வந்து பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வாட் இஸ் திஸ்?" என்றார். "நீங்கதானே சார் கல்லுன்னு சொன்னீங்க" என்றேன். "யெஸ்! கல்! ஸ்டே!" என்று கத்தினார். துருக்கி பாஷையில் கல் என்றால் 'இரு, போகாதே' என்று அர்த்தமாம். ரிப்பேர் ஆன இரண்டாம் சூளையை அந்த வாரம்தான் மறுபடி பற்றவைக்கிறார்கள். நான் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்று மனுஷன் கெஞ்சியிருக்கிறார். நான் அதற்கு முத்தம் கொடுத்திருக்கிறேன். அவர் என்னை ரொம்ப நல்ல பையன் என்று நினைத்துக்கொண்டு போனாராம்.

டிக்கெட் கம்பெனி போட்டால்தான் உண்டு. சனிக்கிழமை சாயங்காலம் வரை ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தேன். நடக்கவில்லை. அதற்கு மேலாவது உங்களுக்கு நேராகத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். அது என் தப்பு. அதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை.

சூசைநாதன் மாமாவிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அமல்


விருத்தாசலம்.
17 ஜூலை 2024

அமல் தம்பிக்கு,

அத்தை என்று எழுதாதே. இப்போது எழுதிவிட்டேன்.

உன் கடிதத்தைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். என் மகன் ஜூடு விழுந்து விழுந்து சிரித்தான். என் கையிலிருந்த வர்ணப் பிரஷ் அவன்மேல் பறந்தது. பிரின்சி எழுந்து கிணற்றடிக்குப் போய்விட்டாள். அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. "மேரி, அந்தப் பையனுக்கு அங்க வேற குடும்பம் இருக்குது. அதான் கல்லு மண்ணுன்னு கதை வுடறான்" என்றார்.

கல் என்றால் கல்தான் தம்பி. தோசை சுடுவது கல். அரிசியில் கிடந்து பல்லை உடைப்பது கல். என் மூக்குத்தியில் இருப்பது கல். அண்ணன் கிட்னியில் இருப்பதும் கல்தான். டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். அதில் 'நாளை' என்றோ 'போகாதே' என்றோ எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பழமலை என்று பழம்பெயர் கொண்ட இந்த ஊரில் பிறந்தவளிடம் வந்து கல்லுக்கு அர்த்தம் சொல்கிறாயே.

பொய் சொல்ல வேண்டுமென்றால் ஒரு பெரிய வார்த்தையாகப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பேனோ என்னமோ. இரண்டெழுத்து! அதுவும் ஒரு பாஷையில் வா என்பது மாதிரி, இன்னொன்றில் வராதே என்பது மாதிரி. உலகத்தில் எல்லோரும் ஒரே சொல்லை ஆளுக்கொரு அர்த்தத்தில் பேசிக்கொண்டிருந்தால் கப்பல் எப்படிப் போகும், கடை எப்படி நடக்கும்?

நீ சொல்வது நிஜமென்றால் அந்தத் துருக்கிக்காரர் கையாலேயே எழுதி வாங்கி அனுப்பு. நெய்வேலிக்காரர்கள் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வரவேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

பாக்கியமேரி


சோஹார்.
29 ஜூலை 2024

மதிப்பிற்குரிய பாக்கியமேரி அம்மா அவர்களுக்கு,

நீங்கள் கேட்ட காகிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். அதில் ஏன் இத்தனை கையெழுத்து என்று நீங்கள் கேட்பீர்கள். அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஓர்ஹான் சாரிடம் எழுதி வாங்கலாம் என்று சாப்பாட்டு ஹாலுக்குப் போனேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "என்னாலயா கல்யாணம் நின்னு போச்சு?" என்று திவாரி மூலமாகக் கேட்டார். உடனே எழுதிக் கொடுத்தார். முதல் வரி அவருடையது: கல், துருக்கி, 'இரு'.

திவாரி சும்மா இருப்பாரா? தானும் சாட்சி சொல்வேன் என்று இரண்டாவது வரியில், "கல், இந்தி, 'நாளை'" என்று எழுதினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "'நேற்று' என்றும் பொருள்" என்று சேர்த்தார். ஆமாம் அம்மா. இரண்டுக்கும் ஒரே வார்த்தைதான். நான் அவரிடம் சண்டைகூடப் போட்டேன். "பேசற பேச்ச வச்சிப் புரிஞ்சிக்கணும்" என்கிறார்.

பக்கத்து மேசையில் மிஷின் பூட்ட வந்திருக்கும் கொரியாக்காரர் பார்க் உட்கார்ந்திருந்தார். நாங்கள் ஆளாளுக்குக் கல் கல் என்று கத்துவதைக் கேட்டு எழுந்து சமையலறைக்குள் போனார். திரும்பி வரும்போது கையில் இத்தனை நீளக் கத்தி. சிரித்த முகத்தோடு என்னிடம் நீட்டுகிறார். கேட்டில் இருந்த செக்யூரிட்டி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்துவிட்டார். பிறகுதான் தெரிந்தது, கொரியாவில் கல் என்றால் கத்தி. யாரோ அவசரமாகக் கத்தி கேட்கிறோம் என்று நினைத்து உதவி செய்திருக்கிறார். மூன்றாவது வரி அவருடையது.

சூளை சப்ளை செய்த ஜெர்மன்காரரும் இருந்தார். அவர் கொஞ்சம் இழுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஓர்ஹான் சார் தலையைக் காட்டினார். அவர்கள் ஊரில் வழுக்கையாம். ஓர்ஹான் சார் அந்த வரியில் மட்டும் கையெழுத்துப் போட விடவில்லை. அதனால்தான் அங்கே அடித்திருக்கிறது.

கடைசியில் அந்த ஓமானி செக்யூரிட்டி என் பெயரைக் கேட்டார். அமல் என்றேன். சிரித்துவிட்டார். "கல்லை விடு. உன் பேரே எங்களுக்கு 'வேலை'. உனக்கு எப்படி லீவு கிடைக்கும்?" என்றார். தொண்டையிலிருந்து சொன்னால் வேலை, வாயோடு சொன்னால் நம்பிக்கை என்று அரபியில் இரண்டு அமல் இருக்கிறதாம். எனக்குப் பெயர் வைத்த கம்மாபுரம் சாமியாருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

இப்போதாவது நம்புங்கள் அம்மா.

அமல்


விருத்தாசலம்.
10 ஆகஸ்ட் 2024

அமல் தம்பிக்கு,

காகிதம் வந்தது. அண்ணன் அதை லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒரே பேனா மை என்று சொன்னார். ஒரே மேசையில் எழுதினால் ஒரே பேனாதானே என்று பிரின்சி கேட்டாள். அவள் வாயைத் திறந்ததே அதிசயம்.

நேற்றுக்கும் நாளைக்கும் ஒரே வார்த்தையாமே. எங்கள் ஜங்ஷனில் ஒரு நாளைக்கு எத்தனை வடநாட்டு ரயில் வருகிறது! இப்படி ஒரு பாஷையை வைத்துக்கொண்டு எப்படி டைம்டேபிள் போடுகிறார்கள்?

இனி எழுதுவது வேறு விஷயம். இதைப் படித்துவிட்டு உன் கதையை நான் நம்பிவிட்டதாக நினைக்கக் கூடாது.

வேளாங்கண்ணித் திருவிழாவுக்கு ஒரு கடைக்காரர் எங்கள் பொம்மை யூனிட்டில் மெழுகுவர்த்தித் தாங்கி கேட்டிருந்தார். இரண்டு பக்கமும் இறக்கை விரித்த வானதூதர், நம் சம்மனசுதான், நடுவில் மெழுகுவர்த்தி. பச்சை மண்ணில் வார்த்து முற்றத்தில் காயப் போட்டிருந்தோம். பீகாரிலிருந்து மனோஜ் என்று ஒரு புதுப் பையன் வந்திருக்கிறான். நல்ல உழைப்பாளி. தமிழ் இன்னும் வரவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் மானம் கறுத்துக்கொண்டு வந்தது. சூளைக்குள் அடுக்குக் கல்லை வைத்து அதன்மேல் சம்மனசுகளை ஏற்றிவிட்டால் கவலையில்லை. நான் அவசரமாக ஒரு சாவு வீட்டுக்குப் போகவேண்டியிருந்தது. கிளம்பும்போது சூளையைக் காட்டி, "மனோஜ், கல்லு! சீக்கிரம், கல்லு!" என்றேன்.

"கல்?" என்று கேட்டான்.

"ஆமாண்டா, கல்!"

"அச்சா, கல்" என்று தலையாட்டிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு ரூமுக்குப் போய்விட்டான்.

மழை அடித்துத் தீர்த்துவிட்டது. நான் திரும்பி வந்து பார்க்கிறேன், ஒரு சம்மனசுக்கும் இறக்கை நிமிர்ந்து இல்லை. எல்லாம் தொங்கிப்போய், மழையில் நனைந்த கோழி மாதிரி உட்கார்ந்திருந்தன. மறுநாள் காலையில் மனோஜ் குளித்து முழுகி, சீக்கிரமே வந்து, சூளைக்குள் கல்லை அழகாக அடுக்கிக்கொண்டிருந்தான். நாளைக்குச் செய் என்று நான் சொன்னதாக அவன் நினைப்பு. என்னத்தைத் திட்டுவது? திட்டினாலும் எந்த வார்த்தை அவனுக்கு எப்படிக் கேட்குமோ.

அதற்காக ஒரு தகவல் வேண்டும். 'இன்றைக்கு' என்பதை இந்தியில் எப்படிச் சொல்வது? 'இப்போதே' என்பதை? 'மழை வருகிறது, மண்ணை உள்ளே எடு' என்பதை? தமிழ் எழுத்தில் எழுதி அனுப்பு. ஜூடு போனில் பார்த்துச் சொல்கிறேன் என்கிறான். அவன் சொன்னதை மனோஜிடம் சொன்னேன், அவன் எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தான்.

பாக்கியமேரி


சோஹார்.
18 ஆகஸ்ட் 2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

இன்றைக்கு என்றால் 'ஆஜ்'. இப்போதே என்றால் 'அபி'. மழை வருகிறது, மண்ணை உள்ளே எடு என்பதற்கு, "பாரிஷ் ஆ ரஹீ ஹை, மிட்டி அந்தர் லே ஆவ்." திவாரியைச் சொல்லச் சொல்லி எழுதியிருக்கிறேன். கல் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேசாமல் கையால் காட்டிவிடுங்கள்.

சம்மனசுகள் போனது கேட்டு எனக்கு வருத்தம்தான். சத்தியமாகச் சிரிக்கவில்லை. ஓர்ஹான் சார் மட்டும் சிரித்தார்.

வருகிற ஞாயிறு நெய்வேலியிலிருந்து வருகிறார்கள் என்று ஞாபகம் இருக்கிறது. அதைப் பற்றிப் பேச எனக்கு என்ன உரிமை? பிரின்சி நன்றாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அமல்


விருத்தாசலம்.
27 ஆகஸ்ட் 2024

அமலுக்கு,

உன்னை எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாமல் பெயரை மட்டும் எழுதியிருக்கிறேன். எனக்குத் தலை சுற்றுகிறது.

நெய்வேலிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். பையனும் அடக்கமாகத்தான் இருந்தான். அவன் அம்மா காபியை ஒரு வாய் குடித்துவிட்டு மெதுவாக ஆரம்பித்தாள்.

"முன்னாடி ஒரு நிச்சயம் நின்னு போச்சாமே. அந்தப் பையன் ஏமாத்திட்டானாமே."

"ஆமாங்க. வரேன்னு பொய் சொல்லி, கடைசி வரைக்கும் ஒரு தகவல்கூடச் சொல்லல" என்றேன்.

பிரின்சி பிஸ்கட் தட்டோடு நின்றிருந்தாள். தட்டை டீப்பாயில் வைத்தாள்.

"அவரு பொய் சொல்லலைங்க. சனிக்கெழம சாயங்காலமே எனக்குப் போன் பண்ணி, வர முடியாது, அம்மாகிட்ட போனைக் குடுன்னு சொன்னாரு. நாந்தான் குடுக்கல. யாருகிட்டயும் சொல்லவும் இல்ல."

முதலில் எழுந்தது என் அண்ணன்தான்.

"அப்போ என்னை எதுக்குடி வேன்ல ஏத்தி அனுப்பின? முன்னப்பின்ன தெரியாதவன என்னைக் கட்டிப்பிடிக்க வச்சிட்டியே!"

அடுத்து எழுந்தது அந்தப் பையனின் அம்மா. போகிற போக்கில், "பொண்ணு ரொம்ப அமைதின்னு சொன்னாங்க" என்று கூட வந்திருந்த தரகரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

எல்லோரும் போன பிறகு அவளை உட்காரவைத்துக் கேட்டேன். அடிக்கத்தான் கை போனது. அதற்குள் அவள் சொன்னாள்:

"நீ அன்னைக்கு வெங்காயம் உரிச்சிக்கிட்டே பாட்டுப் பாடின. அப்பா செத்ததுக்கு அப்புறம் இந்த வூட்டுல நீ பாடி நான் கேட்டதே இல்ல. நடுவுல வந்து எப்படிம்மா சொல்றது? ராத்திரி சொல்லிக்கலாம்னு பாத்தேன். ராத்திரியும் நீ பாடிக்கிட்டே இருந்த."

நான் பாடியது எனக்கே தெரியாது.

அவள் விஷயம் கிடக்கட்டும். நீ ஏன் சொல்லவில்லை? நான் மூன்று கடிதத்தில் உன்னைத் திட்டினேன். என் அண்ணன் உனக்கு வேறு குடும்பம் இருக்கிறது என்றார், அதையும் உனக்கு எழுதினேன். பிரின்சியிடம் சொன்னேன் என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதுமே. கல்லுக்கு மூன்று தேசத்துக் கையெழுத்து வாங்கத் தெரிந்தவனுக்கு இது எழுதத் தெரியவில்லையா?

பதில் எழுது.

பாக்கியமேரி

மறந்துவிட்டேன். இறக்கை தொங்கிய சம்மனசுகளை மனோஜ் பயத்தில் அப்படியே சுட்டு வைத்துவிட்டான். கடைக்காரர் பார்த்துவிட்டு, "முட்டிபோட்டு ஜெபம் பண்ற மாதிரி இருக்குதுங்க, புது மாடலா?" என்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார்.


சோஹார்.
4 செப்டம்பர் 2024

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

சனிக்கிழமை போனில் பிரின்சி, "நான் சொல்லிக்கறேன், நீங்க அம்மாகிட்ட பேசாதீங்க" என்றாள். சரி என்றேன். மறுநாள் நடந்ததை ஜோஸ்பின் அக்கா அழுதுகொண்டே சொன்னபோதுதான் அவள் சொல்லவில்லை என்பதே தெரிந்தது. ஏன் என்று கேட்கலாம் என்றால் அதற்குள் நம்பரை பிளாக் செய்துவிட்டீர்கள்.

உங்கள் முதல் கடிதம் வந்தபோது யோசித்தேன். அந்த வரியை எழுதினால் எனக்கு விழும் திட்டு அவளுக்கு விழும். நான் இங்கே கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறேன். காகிதத்தில் எவ்வளவு திட்டினாலும் மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போகலாம். அவள் உங்களோடு ஒரே வீட்டில் இருக்கிறாள்.

கோபம் இல்லையா என்றால், இருந்தது. முதல் இரண்டு வாரம் நிறையவே இருந்தது. நீங்கள் பாடிய விஷயம் இப்போதுதான் எனக்கும் தெரியும்.

அவளை அடிக்கவில்லையே?

அமல்


விருத்தாசலம்.
13 செப்டம்பர் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அடிக்கவில்லை.

உங்கள் கடிதத்தை நான் சத்தமாகப் படிக்கவில்லை. பிரின்சி கையில் கொடுத்துவிட்டு யூனிட்டுக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது கடிதம் என் தலையணைக்கு அடியில் இருந்தது. அவள் முகம் கழுவியிருந்தாள். ராத்திரி எனக்கு இரண்டு தோசை அதிகமாக வைத்தாள்.

அக்டோபர் இருபதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நிச்சயம். சாமியாரிடம் பேசியாகிவிட்டது. "இந்தத் தடவை மாப்பிள்ளையை முதலில் கொண்டுவாருங்கள், பிறகு தேதி பார்ப்போம்" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். அதனால் லீவுக்கு நானே கேட்டு எழுதியிருக்கிறேன். கீழே இருப்பது உங்கள் இன்ஜினியருக்கு. ஒரு வார்த்தை விடாமல் படித்துக் காட்டுங்கள். உங்கள் சொந்தச் சரக்கு எதையும் சேர்க்க வேண்டாம். நீங்கள் பேசி நடந்ததை ஒருமுறை பார்த்துவிட்டோம்.

ஓர்ஹான் ஐயா அவர்களுக்கு, விருத்தாசலம் பாக்கியமேரி எழுதுவது. நீங்கள் நல்லவர் என்று மாப்பிள்ளை எழுதியிருக்கிறார். நல்லவராகவே இருங்கள். நானும் சூளை வைத்திருப்பவள்தான், என்னிடம் சூளைக் கதை வேண்டாம். நெருப்பு பற்றவைக்க ஒரே ஒரு ஆள்தான் தெரிந்தவன் என்றால் அது உங்கள் நிர்வாகத்தில் உள்ள ஓட்டை. இன்னொருவனுக்கும் சொல்லிக்கொடுங்கள், அதற்குத்தான் ஒரு மாதம் தருகிறேன். உங்களுக்குப் பெண் பிள்ளை இருக்கிறதா? பட்டுப்புடவை கட்டி ஒரு ஹால் ஜனத்துக்கு முன்னால் உட்காரவைத்து, மாப்பிள்ளை வரவில்லை என்றால் உங்களுக்கு எப்படி இருக்கும்? என் பிள்ளையைத் தோளில் தட்டித் தட்டியே நிறுத்திவைத்துவிட்டீர்கள். இனிமேல் தட்டக் கூடாது. அவரை அக்டோபர் பன்னிரண்டாம் தேதிக்குள் பிளைட்டில் ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு அங்கே வருவேன். வந்தால் சும்மா திரும்பிப் போகிறவள் இல்லை. உங்கள் குடும்பத்தை மாதா காப்பாற்றட்டும்.

பாக்கியமேரி


சோஹார்.
22 செப்டம்பர் 2024

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் மாப்பிள்ளை என்று எழுதிவிட்டதால் நானும் பழையபடி கூப்பிடுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். ஓர்ஹான் சார் அறையில் நான், திவாரி, துருக்கி தெரிந்த ஆபீஸ் கிளார்க். நான் தமிழில் ஒரு வரி படித்து இந்தியில் சொல்ல வேண்டும். திவாரி அதை இங்கிலீஷில் சொல்வார். கிளார்க் துருக்கியில் சொல்வார். இதுதான் ஏற்பாடு.

நீங்கள் சொந்தச் சரக்கு சேர்க்க வேண்டாம் என்றதால் நீங்கள் பேசுகிற மாதிரியே படித்தேன். 'சூளைக் கதை வேண்டாம்' என்கிற இடத்தில் என்னையறியாமல் குரல் ஏறிவிட்டது. ஓர்ஹான் சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். திவாரி இந்தியைக் கேட்டுவிட்டு, இங்கிலீஷில் இதை எப்படிச் சொல்வது, வேலை போய்விடும் என்றார். சரி, மேலே படி, மொத்தமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார் கிளார்க். நான் படித்துக்கொண்டே போனேன். 'இனிமேல் தட்டக் கூடாது' என்ற இடத்தில் ஓர்ஹான் சார் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார். ஒரு வரிகூட இன்னும் அவர் பாஷைக்குப் போய்ச் சேரவில்லை, அத்தை.

"கைனானா?" என்று கேட்டார்.

எனக்குப் புரியவில்லை. கிளார்க்கைப் பார்த்தேன். "மாமியாரா என்று கேட்கிறார்" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

மனுஷன் பெருமூச்சு விட்டார். கர்ச்சீப்பை எடுத்து வழுக்கைத் தலையைத் துடைத்துக்கொண்டார். மேசை டிராயரைத் திறந்து லீவுத் தாளை எடுத்தார். நான் ஒரு மாதம் கேட்டிருந்தேன். அதை அடித்துவிட்டு நாற்பத்தைந்து நாள் என்று போட்டுக் கையெழுத்துப் போட்டார். மீதிக் கடிதத்தைப் படிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கையையும் ஆட்டினார். அறையை விட்டு வெளியே வந்து திரும்பிப் பார்த்தேன். யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தார், எழுந்து நின்றபடி, ரொம்பப் பணிவாக. அவருடைய மாமியாருக்காக இருக்கும் என்று கிளார்க் சொன்னார்.

டிக்கெட் கையில் இருக்கிறது. அதன் போட்டோ பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். அக்டோபர் பன்னிரண்டு, சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்குச் சென்னை. திவாரியைவிட்டும் கிளார்க்கைவிட்டும் தனித்தனியாகப் படிக்கச் சொல்லிச் சரிபார்த்துவிட்டேன்.

உங்கள் எழுத்தைப் பார்த்து ஒரு உருவத்தை நினைத்து வைத்திருக்கிறேன். வீடியோவில் முகத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறேன், நேரில் எப்படி இருப்பீர்கள் என்று கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

அமல்


விருத்தாசலம்.
30 செப்டம்பர் 2024

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

டிக்கெட்டைச் சாமியாரிடமே கொண்டுபோய்க் காட்டிவிட்டேன். ஹால் நமக்குத்தான்.

பயப்பட வேண்டாம். நான் குள்ளம்.

உங்கள் இன்ஜினியருக்கு ஒரு சம்மனசுத் தாங்கி எடுத்து வைத்திருக்கிறேன். திரும்பிப் போகும்போது கொண்டுபோய்க் கொடுங்கள். அவருடைய மாமியாருக்கும் ஒன்று வைக்கலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள். அந்த அம்மாவைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம்.

உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுக்கச் சொல்லி ஜூடுவிடம் போனைக் கொடுத்தேன். பிரின்சி போனில் அது எப்போதோ எடுத்தாகிவிட்டது என்று அவன் சொல்கிறான். எப்போது என்று நான் கேட்கவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

ஏர்போர்ட்டுக்கு நான் மட்டும்தான் வருகிறேன். அண்ணன் வரவில்லை. ஜூடு யூனிட்டைப் பார்த்துக்கொள்கிறான். பிரின்சியைக் கூட்டிக்கொண்டு வர எனக்கு விருப்பமில்லை, நிச்சயத்துக்கு முன்னால் அது முறையில்லை. அதை வீட்டில் எல்லோர் முன்னாலும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு வாரமாக அவள் காருக்கு எந்த டிரைவர் வருகிறார், பின் சீட்டு எவ்வளவு பெரிது என்று ஜூடுவிடம் விசாரித்துக்கொண்டிருக்கிறாள். நான் முன் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்குக் கழுத்துவலி, சென்னை வரைக்கும் பின்னால் திரும்பிப் பார்க்க முடியாது.

பாக்கியமேரி